அரசாங்கம் தரும் கால்

1

சில மாதங்களுக்கு முன் எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. லண்டனின் வடமேற்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். வெளியே மழை. உள்ளே றோல்ஸ், கட்லட், காகிதக் கோப்பையில் தேத்தண்ணி. தலைவர் சிவராஜா திரையில் என் அக்காவின் படத்தைப் போட்டார். எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் நின்றார்கள். அக்கா இறந்து அப்போது ஒரு வருடம் ஆகவிருந்தது.

பிறகு சிவராஜா எங்கள் ஆராய்ச்சியின் முடிவைச் சொன்னார். சர்க்கரை வியாதிக்காரர்களின் கால் புண்ணை வீடு தேடிப் போய்க் கழுவிக் கட்டினால், அது கிளினிக்கை நம்பி இருப்பவர்களின் புண்ணைவிடச் சீக்கிரம் ஆறுகிறதாம். அந்த அறிக்கையை ஒரு மாநாட்டில் வாசித்தார்களாம். கைதட்டல் அடங்கியதும் மைக்கை என்னிடம் நீட்டினார். அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்.

எழுந்து நின்றேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டி உட்காரவைத்தார். துக்கம் தாங்க முடியவில்லை என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அன்றைக்கு வராத வார்த்தைகளை இப்போது எழுதுகிறேன். மண்டபத்தில் இருந்தவர்களைவிட, கொழும்பு வாசகர்களான நீங்கள்தான் இதை வாசிக்க வேண்டும்.

2

அக்காவின் பெயர் புவனேஸ்வரி. எல்லாரும் கூப்பிடுவது புவனம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்து பென்சன் எடுத்தவர். அத்தான் நேரத்தோடு காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பிளாட்டின் இரண்டாம் மாடியில் தனியே இருந்தார். ரயில் போகும்போது அந்த வீட்டுக் கண்ணாடி அலுமாரி கிணுகிணுக்கும். தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் எனக்கும் அது கேட்கும்.

வார்ட்டில் தன்னோடு வேலை செய்த ஒருவரின் தாய் கொட்டாஞ்சேனையில் படுக்கையில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் தோடம்பழமும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போயிருக்கிறார். போய்ப் பார்த்தால் அந்த அம்மாவின் குதிக்காலில் புண். கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போக ஆளில்லை. கட்டிய துணியை மாற்றிப் பல நாள் ஆகியிருந்தது. அக்கா சுடுதண்ணி வைக்கச் சொல்லி, அங்கேயே இருந்து கழுவிக் கட்டியிருக்கிறார். அடுத்த வீட்டிலும் அதே மாதிரி ஒருவர். பின்பக்கத்தில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான வரிசை வீடுகளில் இன்னும் இரண்டு பேர். அடுத்த கிழமையும் போனார். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை.

பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருவார். ஆட்கள் கூடியதும் மாளிகாவத்தையிலிருந்து ஃபரீதா வந்து சேர்ந்தார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி வேலை பழகி, கலியாணத்தோடு வேலையை விட்டவர். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், பஞ்சும் துணியும் மருந்தும் வாங்க வேண்டும். அப்போதுதான் அக்கா என்னிடம் கேட்டார். தனக்கென்று அவர் என்னிடம் எதையுமே கேட்டதில்லை.

நான் பம்பலப்பிட்டிக் கந்தோர் ஒன்றில் வேலை செய்தவன். இங்கே வந்து ஒரு தபாற்கந்தோர் கவுண்டரில் நின்றே காலம் போய்விட்டது. தெரிந்தவர்களிடம் சொன்னேன். கொழும்பில் இருந்த காலத்தில் தகப்பனோ தாயோ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்காவைக் கண்டவர்கள் சிலர் இருந்தார்கள். "அப்பாவுக்குக் கடைசி நாளில கஞ்சி பருக்கின மிஸிதானே" என்று ஒருவர் கேட்டார். மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவார்கள். தேத்தண்ணி குடிப்பார்கள். சாமிப்படத்துக்கு முன்னாலிருந்த தட்டில் ஆளாளுக்கு இயன்றதை வைப்பார்கள். பிறகு நான் அக்காவுக்கு எடுத்துப் பேசுவேன். யாருடைய புண் ஆறியது, யார் செத்துப்போனார்கள், யாருடைய மகன் வெளிநாடு போனான் என்று அக்கா சொல்வதை ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் கேட்பார்கள்.

தவறாமல் வருபவர் தங்கராணி அம்மா. கந்தோர்களில் துப்புரவு வேலை செய்து ஓய்வெடுத்தவர். பஸ் மாறி வந்து, கைப்பைக்குள் இருந்து ஒரு பத்துப் பவுண் தாளை எடுத்து நீவிவிட்டு வைப்பார். அக்காவிடம் அவர்தான் அதிகம் கேள்வி கேட்பார்.

3

இதை மாற்றியது என் மகள் அபிதான். நல்லெண்ணத்தில்தான் செய்தாள். அவள் இங்கே பிறந்தவள். மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை. ஒரு சனிக்கிழமை தட்டைப் பார்த்துவிட்டு, "ஏன் அப்பா சும்மா விடுறீங்கள்?" என்று கேட்டாள். இந்த நாட்டில், வரி கட்டுகிற ஒருவர் பதிவு செய்த தர்ம ஸ்தாபனத்துக்கு ஒரு பவுண் கொடுத்தால் அரசாங்கம் அதற்கு மேல் கால் பவுண் சேர்த்துக் கொடுக்கும். கொடுப்பவர் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தால் போதும். நாங்கள் பதிவு செய்யாததால் அந்தக் கால் பங்கு வீணாகிறது என்றாள்.

அவளுக்கு அதைத் தமிழில் சொல்லத் தெரியவில்லை. 'கால்' என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அன்றே மாமியிடம் தொலைபேசியில் அவளே சொன்னாள். "மாமி, இனி கவண்மென்ட் கால் குடுக்கும்."

அக்கா, "ஆருக்கடி கால் குடுக்கினம்? இங்க கன பேருக்குத் தேவையாக் கிடக்கு. லிஸ்ற் ஒண்டு அனுப்பட்டோ?" என்றார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. அபிக்கு விளங்கவில்லை. நான் விளக்கிய பிறகுதான் அவளும் சிரித்தாள். அக்காவும் அபியும் சேர்ந்து சிரித்து நான் கேட்டது மிகக் குறைவு. ஒருத்திக்குத் தமிழ் தடக்கும், மற்றவருக்கு இங்கிலீஷ் தடக்கும்.

பதிவு செய்ய ஒரு வருடத்துக்குக் கிட்டச் சென்றது. யாப்பு எழுத வேண்டும். அறங்காவலர்கள் வேண்டும். எங்கள் நோக்கம் என்ன என்று ஒரு பெட்டிக்குள் எழுதச் சொன்னார்கள். 'மிஸி போய்ப் பார்ப்பது' என்பதை அந்தப் பெட்டிக்கு ஏற்ற இங்கிலீஷாக்க நாங்கள் மூன்று கூட்டம் நடத்தினோம். மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் பெரிய வேலையில் இருந்த சிவராஜா தலைவரானார். படிவம் நிரப்பிப் பழகியவன் என்பதால் நான் செயலாளர்.

பலன் கிடைத்தது, அதை மறைக்கக் கூடாது. தெரியாதவர்கள்கூடத் தந்தார்கள். தாங்கள் தருவதற்கு அரசாங்கமும் சேர்த்துத் தருகிறது என்றால் கை கொஞ்சம் தாராளமாக நீள்கிறது. ஐம்பது தந்தவர் நூறு தந்தார். பதிவு செய்த பிறகு வந்த இரண்டு வருடமும் கொட்டாஞ்சேனையில் ஒருவருக்கும் துணிக்குத் தட்டுப்பாடு வரவில்லை.

சனிக்கிழமைத் தட்டு நின்றுபோனது. வங்கிக்கு நேரே போடச் சொல்லிவிட்டோம். தங்கராணி அம்மா மட்டும் ஒரு நாள் வந்து படிவம் கேட்டார். அவருக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை. அந்தப் பெட்டியில் அவர் அடையாளம் போட முடியாது என்று நான் விளக்கினேன். கவுண்டரில் நின்று பேசும் குரலில்தான் சொல்லியிருப்பேன்.

"அப்ப என்ர பத்துப் பவுண் வெறும் பத்துப் பவுண்தானே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நான் தேடிப் போகவும் இல்லை.

4

பிறகு சிவராஜா ஒரு நல்ல செய்தியோடு வந்தார். நாங்கள் சேர்க்கும் தொகைக்குச் சமமான தொகையை அவருடைய கம்பெனி தரச் சம்மதித்திருந்தது. ஒரு நிபந்தனை. அது ஆராய்ச்சிக்குப் போக வேண்டும். துணிக்கும் சம்பளத்துக்கும் என்றால் கம்பெனியில் அதற்கு வழியில்லை. ஆராய்ச்சி என்றால் வழியுண்டு. ஆராய்ச்சிக்குச் செலவழிக்கும் கம்பெனிகளுக்கு அரசாங்கம் வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது.

அபியிடம் கேட்டேன். தன் கம்பெனியிலும் அப்படித்தான் என்றாள். வெள்ளிக்கிழமை தோறும், அந்தக் கிழமை எத்தனை மணித்தியாலம் ஆராய்ச்சி செய்தோம் என்று எழுதிக் கொடுப்பார்களாம். அந்த உதவி இல்லாவிட்டால் சில புது விசயங்களைத் தொட்டே இருக்க மாட்டார்கள். சிலது எப்படியும் செய்திருப்பார்கள், பெயரை மட்டும் மாற்றிப் போடுவார்கள். "எது எதெண்டு எங்களுக்கே சில நேரம் தெரியாது அப்பா" என்றாள். அந்தப் பதிலை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

அக்காவைச் சம்மதிக்கவைத்தது நான். அவருக்கு விருப்பமில்லை. புண் ஆறுமா என்று தெரியத் துணியும் சுடுதண்ணியும் போதும், புண்ணைப் படம் பிடிப்பது எதற்கு என்று கேட்டார். இது நிரூபணமானால் பெரிய இடங்களிலிருந்து உதவி வரும், கொட்டாஞ்சேனையோடு நிற்காது, கொழும்பு முழுக்கச் செய்யலாம் என்றேன். நானும் அதை நம்பினேன். கடைசியில், "நீ சொல்லுறாய் எண்டபடியால் ஓம்" என்றார்.

ஆட்களை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியின் வீடுகளுக்கு அக்காவும் ஃபரீதாவும் போய் மருந்து கட்டுவார்கள். மற்றப் பகுதி வழமைபோலக் கிளினிக்குக்குப் போக வேண்டும். அவர்களிடமும் ஃபரீதா போவார், ஆனால் புண்ணைப் படம் மட்டும் எடுப்பார். யார் எந்தப் பகுதி என்பதைக் கொம்பியூட்டர் குலுக்கிப் போடும். அனுமதியெல்லாம் முறைப்படி எடுத்தோம். எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். ஆட்கள் போதாமல் இருந்ததால், அக்கா முன்பே பார்த்துக்கொண்டிருந்த சிலரையும் சேர்த்தோம். சர்க்கரை வியாதி இல்லாதவர்கள், பாரிசவாதத்தில் கிடந்தவர்கள், ஆராய்ச்சிக்குப் பொருந்தாததால் விடுபட்டார்கள்.

முன்பே பார்த்தவர்களில் ஒருவர் பீற்றர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. அக்கா ஆறு மாதமாக அவருடைய வலது காலைக் கழுவிக் கட்டி, அவர் தடியூன்றிக் கோயிலுக்குப் போகும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். கொம்பியூட்டர் அவரைப் படம் எடுக்கும் பகுதியில் போட்டது.

சில மாதம் கழித்துச் சிவராஜா எனக்குப் படங்களை அனுப்பினார். பீற்றரின் புண் ஆறிக்கொண்டு வந்தது. விரல் இடுக்கில் புதுத் துணியின் நூல் ஒன்று ஒட்டியிருந்தது. கம்பெனிக்காரர்களின் கண்ணில் அது பட்டிருந்தது. விசாரித்தபோது ஃபரீதா உண்மையைச் சொல்லிவிட்டார். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பென்சன் காசில் துணி வாங்கிக்கொண்டு, தனியே போய்க் கட்டிவிட்டு வந்திருக்கிறார். இப்படி நடந்தால் ஆராய்ச்சியே பழுதாகும், கம்பெனி தன் பங்கை நிறுத்தும் என்றார்கள். செயலாளர் கடிதம் எழுத வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

எழுதினேன். முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில். ஆராய்ச்சி முடியும்வரை, படம் எடுக்கும் பகுதியில் உள்ளவர்களுக்குத் தாங்கள் தனிப்பட்ட முறையிலும் மருந்து கட்டக்கூடாது என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா தொலைபேசியில் எடுத்தார். கடிதம் கிடைத்தது என்றார். பிறகு, "என்னைத் தாங்கள் எண்டு எழுதியிருக்கிறாய்" என்றார்.

அபி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பின்னால் ரயில் போனது. அந்தக் கடிதத்தைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. ஆராய்ச்சி முடிவதற்குள், ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. இதயம் என்றார்கள். செத்தவீட்டுக்குப் போனேன். நாலு நாள்தான் லீவு. கொட்டாஞ்சேனையிலிருந்து நிறைய ஆட்கள் வந்து அழுதார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்கு முகம் தெரியாது.

5

கூட்டம் நடந்து இரண்டு கிழமையில் அக்காவின் முதலாண்டு ஆட்டைத் திவசத்துக்காகக் கொழும்பு போனேன். ஐயர் போன பிறகு, அக்காவின் பிளாட்டில் ஃபரீதாவும் நானும் இருந்தோம். வீடு தேடிப் போகிற வேலை இப்போது எப்படி என்று கேட்டேன்.

ஆராய்ச்சி முடிந்ததும் அதற்கு வந்த காசும் முடிந்தது. அடுத்த ஆராய்ச்சிக்குக் கம்பெனி சம்மதித்திருக்கிறது. அது புண்ணைப் படத்திலேயே பார்த்துச் சொல்லும் செயலியைப் பற்றியது. வீடு தேடிப் போவது நல்லது என்று நிரூபித்துவிட்டோம், அதில் புதிதாக ஆராய ஒன்றும் இல்லை. ஆகவே அதற்குக் கம்பெனியிடமிருந்து எதுவும் கூடச் சேர்ந்து வராது. சங்கம் சேர்க்கும் காசும் கம்பெனி சேர்த்துத் தரும் பக்கமே போகிறது. இதெல்லாம் கூட்டங்களில் என் கையால் எழுதிய தீர்மானங்கள்தான். ஃபரீதா தன் வாயால் சொன்னபோது வேறு மாதிரிக் கேட்டது. அவர் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். லீவு நாளில் மட்டும், பழக்கத்தை விட முடியாமல், மூன்று வீடுகளுக்குப் போகிறார்.

பீற்றரைப் பற்றிக் கேட்டேன்.

"ஒங்களுக்கு யாரும் சொல்லல்லயா அண்ணன்?" என்றார்.

மறுநாள் அவரோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மூன்றாம் மாடி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. பீற்றர் கதவடியில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே வெறுமையாகத் தொங்கியது. ஃபரீதா என்னை அறிமுகப்படுத்தியதும் முகம் மலர்ந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸி வந்து வாசலிலேயே நின்றாராம். உள்ளே வரவில்லை. மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, இனிக் கட்ட முடியாது, எப்படியாவது கிளினிக்குக்குப் போங்கள் என்று சொல்லி ஓட்டோக் காசையும் மனைவியின் கையில் கொடுத்திருக்கிறார். இரண்டு தரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். அவர்களுக்கும் வேலை வெட்டி இருக்கிறது. மூன்றாம் தரம் யாரையும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஃபரீதா படம் எடுக்க வந்த ஒரு நாளில் புண் நாறியது. ஃபரீதாதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதற்குள் பிந்திவிட்டது.

"மேலிடம் இல்லை, பீற்றர் அண்ணன். கடிதம் எழுதினது நான்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். உள்ளே அவருடைய மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அந்தப் போட்டோவெல்லாம் எடுத்தாங்களே" என்றார் கடைசியில். "அது பிரயோசனப்பட்டுச்சா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அதைக் கேட்கத்தான் அவர் விரும்பினார் என்று நினைக்கிறேன். "இல்லை. அக்கா இடையில மருந்து கட்டினபடியால் உங்கட படங்களைச் சேர்க்கேல்லை. முழுக்க நீக்கிப் போட்டினம்" என்றேன்.

அவர் சாரத்தின் வெறும் பக்கத்தை மடித்து அடியில் செருகினார்.

"அப்ப மிஸி கட்டினதுதான் பிரயோசனம்" என்றார். "அந்தக் கால்ல நான் கோயிலுக்கு நடந்துபோனேனே."

பிறகு மனைவியைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். குடித்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, லண்டனில் இப்போது குளிரா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

6

திரும்பி வந்து செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். சிவராஜா வருத்தப்பட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த ஆராய்ச்சியால் ஒரு நாளைக்கு எங்கோ யாரோ ஒருவரின் கால் தப்பலாம், அதையும் நான் மறுக்கவில்லை. மாதம் மாதம் ஃபரீதாவுக்கு நேரே அனுப்புகிறேன். அவர் இல்லத்தில் வேலையைப் பாதி நேரமாக்கிக்கொண்டார். நான் அனுப்புவதற்கு மேல் இங்கே யாரும் எதுவும் சேர்த்துத் தர மாட்டார்கள்.

அபிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த தமிழிலும் அவளுக்குத் தெரிந்த தமிழிலுமாகச் சொல்லி முடிக்க ஒரு முழுப் பின்னேரம் போனது. அந்தக் கால் பங்கை முதலில் சொன்னது தான்தான் என்று அழுதாள். இல்லை என்றேன். அரசாங்கம் எந்தப் பக்கம் சேர்த்துத் தருகிறதோ அந்தப் பக்கம் நாங்கள் எல்லாருமே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தோம். நகர்ந்தது எனக்குத் தெரியவில்லை. தங்கராணி அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

கொட்டாஞ்சேனையில் கடைசியாக நடந்த ஒன்றை மட்டும் அபிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

பீற்றர் வீட்டிலிருந்து இறங்கியதும் ஃபரீதா, கீழ்த்தட்டில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும், ஓட்டோவில் இருங்கள் என்றார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். ஒரு வயதான அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். ஃபரீதா சுடுதண்ணிப் பேசினை என் கையில் தந்து, காலுக்குக் கீழே பிடிக்கச் சொன்னார். பழைய துணியைத் தண்ணி ஊற்றி ஊற்றி மெதுவாகக் கழற்றினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பாருங்க அண்ணன்" என்றார் ஃபரீதா. "பாக்காட்டித் தண்ணி சிந்தும்."

பார்த்தேன். உள்ளங்காலில் ஒரு ரூபாய் நாணயக் குத்தி அளவில் பள்ளம். ஓரம் வெள்ளை, நடு சிவப்பு. இத்தனை வருடமாக இந்தப் புண்ணைப் பற்றி விண்ணப்பமும் அறிக்கையும் தீர்மானமும் எழுதியிருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். பேசினில் தண்ணி நிறம் மாறியது. தண்ணி சிந்தாமல் இருக்க முழங்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டேன்.

அந்த அம்மா, இவர் டொக்டரா என்று ஃபரீதாவிடம் கேட்டார்.

"இல்ல, புவனம் மிஸிட தம்பி."

அந்த அம்மா காலை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நீட்டினார்.